மலையைச் சரிபார்த்தவன்

மலை என்றால் அவனுக்கு ஒரு சாண் அகலம், நாலு விரற்கடை உயரம். உச்சியில் கட்டைவிரலை ஊன்றி, ஆள்காட்டி விரலைச் சரிவில் வழியவிட்டால், இடையில் எங்கும் தட்டாமல் அடிவாரம் வந்து சேர வேண்டும். தட்டினால் "தப்பு" என்பான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் ஓர் இனிப்பு ஏறும். வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு, கரையக் கரையச் சொல்வதுபோல இருக்கும்.

பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்காக, நிலத்தின் உருவங்களைப் பிளாஸ்டர் மாவில் வார்த்து அனுப்பும் பட்டறை அது. பெட்டிக்குப் பன்னிரண்டு துண்டு. மலை, குன்று, பீடபூமி, பள்ளத்தாக்கு, சமவெளி, பாலைவனம், ஆறு, டெல்டா, ஏரி, தீவு, தீபகற்பம், எரிமலை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பிரெயில் புள்ளிகளில் பெயர் இருக்கும். ஒருவர் வார்ப்பார், ஒருவன் தேய்ப்பான், கடைசியில் எல்லாம் இவன் மேசைக்கு வரும். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். இவன் விரல் தடவி "சரி" என்றால் துண்டு பெட்டிக்குள் போகும். "தப்பு" என்றால் இவனே அதைத் தூக்கிப் பக்கத்திலிருக்கும் தகர டிரம்முக்குள் போட்டு உடைக்க வேண்டும். ஒதுக்கிய சரக்கை யாரும் நைசாகத் திரும்பச் செருகிவிடக் கூடாதென்று எப்போதோ இருந்த ஒரு மேனேஜர் போட்ட விதி. அவர் போட்ட மற்ற விதிகளெல்லாம் அவரோடு போய்விட்டன. இது மட்டும் போகவில்லை. இவன் போகவிடவில்லை.

பட்டறையில் இவன் பெயர் விரல். முகத்துக்கு நேரே "விரலண்ணே". முதுகுக்குப் பின்னால் அதற்கு முன்னும் பின்னும் பல சொற்கள் சேரும். அவற்றை இங்கே எழுத முடியாது.

சும்மா சேரவில்லை அந்தச் சொற்கள். உடைப்பதென்றால் மெதுவாகப் போட்டாலே பிளாஸ்டர் உடைந்துவிடும். இவன் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, எல்லோர் காதும் தன் பக்கம் திரும்பும்வரை பொறுத்து, அப்புறம் விடுவான். ஒருமுறை வார்ப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தான் வார்த்த முதல் தீவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள்.

"பச்சப்புள்ளையக் குடுக்கற மாதிரி குடுக்கறியேம்மா" என்று சிரித்தபடி வாங்கித் தடவினான். டிரம்முக்கு மேலே நீட்டிப் பிடித்தான். "சொல்லு, போடட்டுமா?"

அவன் காத்திருந்தான். தேய்க்கிற சத்தம் நின்றது, ஆணியடிக்கிற சத்தம் நின்றது. அவள் "போடுங்க" என்று சொன்ன பிறகுதான் விட்டான். அடுத்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வார்ப்பு முழுவதும் மாமாவின் தலையில் விழுந்தது. மாமா என்றால் அவனுடைய அக்காவின் வீட்டுக்காரர். அவன் குடியிருப்பதும் மூன்று மாடிக் கட்டடத்தில் அவர் இருக்கிற வீட்டில்தான், சமையலறையை ஒட்டிய சாமான் அறையில். பட்டறையில் அவர் வார்ப்பார், இவன் உடைப்பான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஒரே வீட்டுக்குத் திரும்புவார்கள்.

"மாமா, இது மலையா, உங்க தொப்பையா?"

"அதான் விரல் இருக்கே, தடவிச் சொல்லு மச்சான்."

"தொப்பைன்னா நடுவுல ஒரு குழி இருக்கணும். தேடித் தேடிப் பாத்துட்டேன், காணோம்." டமார்.

பட்டறையே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். ஆனால் பத்துத் துண்டுக்கு மேல் உடைந்த நாட்களில், வீட்டில் ஏதாவதொரு பொருள் இடம் மாறியிருக்கும். ஸ்டூல் ஓர் அடி தள்ளி நிற்கும். எப்போதும் திறந்திருக்கும் கதவு பாதியில் நிற்கும், அதன் விளிம்பு நேராக இவன் நெற்றிக்கு. "அடடா, பாத்து வரக் கூடாதா மச்சான்" என்று மாமா கூடத்திலிருந்து கேட்பார். அக்கா வந்து ஸ்டூலைப் பழைய இடத்தில் வைப்பாள். "என் உயிர எடுக்கறதுக்குன்னே ரெண்டு பேரும் பொறந்திருக்கீங்க" என்பாள். யாரைத் திட்டுகிறாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

இப்படியே பதினான்கு வருஷம் ஓடிய பிறகு, ஒரு மழைக்கால மதியத்தில் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஈரக் காற்றில் பிளாஸ்டர் இறுகாமல் சதி செய்துகொண்டிருந்தது. அன்று காலையிலிருந்து வரிசையாகப் பதினேழு மலைகள் டிரம்முக்குள் போயிருந்தன. மேனேஜர் வேறு ஏதோ காகிதத்தோடு அங்கேயே நின்றிருந்தார். பதினெட்டாவது மலையையும் விரல் தோளுக்கு உயர்த்தியபோது, மாமா கையிலிருந்த சட்டியைத் தரையில் வைத்துவிட்டு வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். நீ மலையப் பாத்திருக்கியா?"

"நான் எதத்தான் மாமா பாத்திருக்கேன்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு இவன் பக்கம்தான் இருந்தது. மாமா விடவில்லை.

"சரி, பாக்க வேணாம். ஏறியிருக்கியா? ஒரு மலையில ஒரு தடவ கால் வச்சிருக்கியா? பொறந்ததுலேருந்து இந்தத் தட்ட ஊர்லயே கிடந்துட்டு, உன் ஸ்கூல்ல எவரோ களிமண்ண உருட்டிக் குடுத்து இதான் மலைன்னாரு, நீயும் தடவிக்கிட்ட. அத வச்சுக்கிட்டுப் பதினாலு வருஷமா என் மலைய உடைக்கற. நான் போயிருக்கேன்டா மலைக்கு. ரெண்டு தடவ."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் காகிதத்தைப் புரட்டுவது நின்றதை விரல் கேட்டான். சுற்றியுள்ள நிலத்தைவிட மிக உயர்ந்து, செங்குத்தான சரிவுகளும் குறுகிய உச்சியும் கொண்டது மலை. பள்ளியில் படித்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அதை இங்கே சொன்னால் இன்னும் கேவலம் என்று அவனுக்கே தெரிந்தது. தூக்கிய மலையை மேசைமேல் இறக்கினான். "சரி" என்றான். அன்று அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் "சரி" என்றான்.

மறுநாள் ஓர் ஏரியை "தப்பு" என்றபோது, தேய்க்கிறவன் கேட்டான்: "ஏரியில எறங்கியிருக்கீங்களாண்ணே?" தேய்க்கிறவனுக்குப் பட்டறையில் உப்புத்தாள் என்று பெயர். தேய்க்கிற தாளின் பெயர்தான். நாக்கும் அதே ரகம். அதற்கு அடுத்த நாள் பாலைவனத்துக்குக் கேட்டான். விரலுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. இனி ஒவ்வொரு "தப்பு"க்கும் இந்தக் கேள்வி வரும். ஒருநாள் மேனேஜர் வாயிலிருந்தும் வரும். அன்றைக்கு அவன் விரலுக்கு இந்தப் பட்டறையில் வேலை இருக்காது. வேறெங்கும் இருக்காது. பார்வையில்லாத ஒருவன் சொன்ன சொல்லுக்குப் பார்வையுள்ள ஆறு பேர் கட்டுப்படுகிற இடம் ஊரில் இது ஒன்றுதான்.

மேனேஜரிடம் போய் நின்றான். "சார், இந்த வருஷ டூருக்கு மலைக்குப் போலாம் சார்."

"மலை எங்கய்யா இருக்கு, இங்கயா இருக்கு? போகவே ஒரு பகல் ஆகும். லீவு ஒரு நாள்தான். வண்டி தரேன், சாயங்காலம் திரும்பணும். எங்க போறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

பேசினார்கள், அவன் கை கழுவப் போயிருந்த நேரத்தில். கடற்கரை என்றார் டிரைவர். சினிமா என்றார் மாமா. உப்புத்தாள்தான் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணன் மலை கேட்டாருல்ல? குடுப்போம்."

"எங்கேருந்துடா குடுப்ப?"

"மில்லு மேடு இருக்கே."

மாமா ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். அப்புறம் அவருக்கு அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

மூடிப்போன மில்லுக்குப் பின்னால், ஊரில் இடிக்கிற வீடுகளின் கழிவையெல்லாம் கொட்டி வளர்ந்த மேடு அது. மூன்று மாடி உயரம் இருக்கும். மேலே மண் மூடிப் புல் முளைத்திருந்தது. ஒரு பக்கத்தில் குப்பை எப்போதும் கனன்று புகையும். பட்டறையின் தகர டிரம்மும் வாரத்துக்கு ஒருமுறை அங்கேதான் கவிழ்கிறது. விரல் உடைத்த மலைகளும் தீவுகளும், அந்தப் பெண்ணின் முதல் தீவு உட்பட, அதன் வயிற்றுக்குள்தான் கிடந்தன.

மேனேஜருக்குத் தெரியாத மலை ஒன்று கிட்டத்திலேயே இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று விரலிடம் சொல்லிவைத்தார்கள். விடுமுறையன்று அதிகாலையில் வண்டி கிளம்பியது. விரல் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். அக்கா எல்லோருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். வெளிவட்டச் சாலையில் மூன்று மணி நேரம் சுற்றினார்கள். ரவுண்டானா வந்தால் டிரைவர் ஏழு தடவை சுற்றுவார்.

"கொண்டை ஊசி வளைவுண்ணே! கெட்டியாப் புடிச்சுக்கோங்க!"

விரல் இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முகம் முழுக்கச் சிரிப்பு. உப்புத்தாள் ஜன்னலைத் திறந்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி அவன் முகத்தில் தெளித்தான். "சாரல்ணே. மேல ஏற ஏற இப்படித்தான். காது அடைக்குதா?"

"ஆமாடா, லேசா அடைக்குது" என்றான் விரல்.

அடைக்கவில்லை. மலையேறினால் காது அடைக்கும் என்று எங்கோ கேட்டிருந்தான். தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டான்.

மில்லுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். மாமா வந்து அவன் கையைப் பிடித்தார். பதினான்கு வருஷத்தில் அவர் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டர் தின்ற கை, சொரசொரவென்று இருந்தது, சூடாகவும் இருந்தது. மேட்டின் அடியைச் சுற்றிச் சுற்றி நடத்தினார், கொஞ்சம் ஏற்றினார், இறக்கினார், மறுபடி சுற்றினார். முக்கால் மணி நேரம்.

"பாத்து மச்சான். இந்தப் பக்கம் பாதாளம்."

விரல் உடனே மறுபக்கமாக ஒடுங்கி, மாமாவின் தோளோடு ஒட்டிக்கொண்டான். கால் சறுக்கிச் சறுக்கி உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. "இன்னும் எவ்வளவு மாமா?" என்று கேட்கவேயில்லை.

மேலே நல்ல காற்று. புகை வந்து முகத்தில் மோதியது.

"என்னடா இது, கருகின வாசனை?"

"மேகம்ணே. மலை மேகம் இப்படித்தான் மணக்கும்."

தூரத்தில் ரயில் கூவியது. "நம்ம ஊரு ரயில் மாதிரியே கூவுதே?"

"ரயிலெல்லாம் ஒரே கம்பெனிதாண்ணே."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரொலி கேட்க வேண்டும் என்றான் விரல். உப்புத்தாள் மறுபக்கச் சரிவில் ஓடி இறங்கினான். விரல் நெஞ்சை நிமிர்த்தி, "யாருடா அங்க!" என்று கத்தினான். கொஞ்சம் தாமதமாக, கீழிருந்து, "யாருடா அங்க!" என்று வந்தது. அவன் குழந்தைபோலச் சிரித்தான். "நான்தான்டா!" என்றான். "நான்தான்டா!" என்றது மேடு. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, காற்று சட்டைக்குள் புகுந்து புடைக்க, வெகு நேரம் அப்படியே நின்றான். மாமா அவனுக்குப் பள்ளத்தாக்கைச் சொன்னார். அதன் நடுவில் ஓர் ஆற்றைச் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலை வரிசையையும் சொன்னார். அவருக்கே அது நன்றாக வந்தது. கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் விரல் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, தன் வேலையை ஆரம்பித்தான். உள்ளங்கையால் தரையைத் தடவினான். தவழ்ந்துகொண்டே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை போனான், முழம் போட்டு அளந்தான். சரிவில் கையை இறக்கி, உதிர்கிற மண்ணை விரலிடுக்கில் விட்டுப் பார்த்தான். இஸ்திரிச் சட்டையின் முழங்கை கிழிந்தது.

"மேல தட்டையா இருக்கே மாமா. உச்சின்னா கூரா இருக்க வேணாமா?"

மாமா தலையைச் சொறிந்தார். திரும்பி வந்திருந்த உப்புத்தாள்தான் மூச்சிரைக்கச் சொன்னான்: "கிட்டப் போனா எல்லா மலையும் தட்டைதாண்ணே. தூரத்துலேருந்து பாக்கறவனுக்குத்தான் கூரு."

விரல் அதை மெல்லத் தலையாட்டி உள்ளே வாங்கிக்கொண்டான். இறங்கும்போது மாமாவின் கையைத் தானாகவே தேடிப் பிடித்தான்.

"இனிமே உங்க மலைய நான் சும்மா உடைக்க மாட்டேன் மாமா."

"சந்தோஷம் மச்சான்."

"தெரிஞ்சு உடைப்பேன்."

உடைத்தான். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வந்த முதல் மலையின் உச்சியில் கட்டைவிரலை வைத்தவன், நெருப்பைத் தொட்டதுபோல எடுத்தான். "தப்பு." அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும்.

"என்ன மச்சான் தப்பு?"

"கூரா இருக்கு. மலை இப்படி இருக்காது. நான் நின்னிருக்கேன்." டமார். "சரிவு வழவழன்னு இருக்கு. கைய வச்சா பொலபொலன்னு உதிரணும்." டமார். "நீங்களும்தான கூட வந்தீங்க? தெரியல உங்களுக்கு?"

மாமா உப்புத்தாளைப் பார்த்தார். உப்புத்தாள் தன் கையிலிருந்த டெல்டாவை மும்முரமாகத் தேய்த்தான்.

மூன்று நாளில் ஒரு மலைகூடத் தேறவில்லை. பதினோரு துண்டுகள் நிரம்பி, மலைக்கான குழி மட்டும் காலியாக, நாற்பது பெட்டிகள் சுவரோரம் அடுக்கி நின்றன. பள்ளிகள் திறக்க ஒன்பது நாள்தான் இருந்தது. டீ நேரத்தில் மூன்று பேரும் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"சொல்லித் தொலைச்சிடலாமா?" என்றார் டிரைவர்.

"நீ சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்? நான் ஸ்டியரிங் புடிச்சேன், அவ்வளவுதான். கையப் புடிச்சு ஏத்தினவரு சொல்லட்டும்."

"ஐடியா எவனோடது?" என்றார் மாமா, உப்புத்தாளைப் பார்த்து.

"மாமா, ஆத்த நான் சொல்லல, நீங்கதான் ஆறு ஓடுதுன்னு சொன்னீங்க."

சொல்லவும் முடியாது, விடவும் முடியாது. மேனேஜர் காதுக்குப் போனால் மூன்று பேர் சீட்டும் கிழியும். கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். களிமண்ணை எடுத்து, கண்ணை மூடி நினைவுபடுத்தி, மில்லு மேட்டைப் பிசைந்தார். மேலே தட்டை. ஒரு பக்கம் லேசாகச் சரிந்து. பக்கமெல்லாம் மணலைத் தூவிச் சொரசொரப்பு. அதற்கு அச்செடுத்து, வார்த்து, காய்ந்ததும் கொண்டுபோய் வைத்தார்.

விரல் தொட்டான். அவன் முகம் மாறியதைப் பட்டறை முழுவதும் பார்த்தது. உச்சியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு விரல் நடந்தது, முன்பு முழங்காலால் நடந்த அதே வழியில். சரிவில் இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது.

"இதான். இதேதான் மாமா." எழுந்து, தடவி, மாமாவின் தோளைக் கண்டுபிடித்துக் கையை வைத்தான். "பதினாலு வருஷத்துல இப்பதான் உங்க கை திருந்தியிருக்கு. சரி."

மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "சரி மச்சான்" என்றார். நாலே நாளில் நாற்பது மேடுகள் வார்த்து முடிந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

லாரி வந்து நின்ற காலையில், மேனேஜர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். வழக்கமாகப் பார்க்க மாட்டார். விரல் பார்த்த சரக்கை யாரும் மறுபடி பார்க்கிற வழக்கமில்லை. டீ குடித்த கை சும்மா இருக்காமல் திறந்துவிட்டது.

"என்னய்யா இது, பன்னு? பீடபூமி ரெண்டு போட்டிருக்கீங்க. மலை எங்க?"

விரல் மேசையிலிருந்து எழுந்தான்.

"அதான் மலை சார். நான் பாத்தது."

"மலையா? மேல தோசைக்கல்லாட்டம் தட்டையா இருக்கு?"

"கிட்டப் போனா தட்டைதான் சார். தூரத்துலேருந்து பாக்கறவங்களுக்குத்தான் கூரு. நான் ஏறி நின்னிருக்கேன்."

"நீ எப்பய்யா ஏறின?"

"டூருக்குப் போனோமே சார். நீங்கதான வண்டி குடுத்தீங்க."

மேனேஜர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் செருப்பைப் பார்த்தார். மேனேஜர் உள்ளே போய் வண்டி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு இதில் கோபமோ குதர்க்கமோ ஒன்றும் இல்லை. டீசல் விஷயம் பேசுகிற அதே குரலில் வாசித்தார்.

"அன்னிக்கு வண்டி ஓடினது தொண்ணூத்தி ரெண்டு கிலோமீட்டர். பக்கத்து மலைக்குப் போறதுக்கே முந்நூறு ஆகும்." நோட்டை மூடினார். "எங்கய்யா ஏத்தினீங்க இவன?"

உப்புத்தாள்தான். அவனுக்கு வாய் நிற்கவில்லை. "மில்லு மேட்டுல சார்" என்றான். சொல்லும்போதே பாதி சிரிப்பாகப் போய்விட்டது.

முதலில் லாரிக்காரர் சிரித்தார். அப்புறம் டிரைவர். மேனேஜர் கர்சீப்பை வாயில் வைத்துப் பார்த்தார், அதற்குள் அடங்கவில்லை. "அடப்பாவிங்களா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேகம், மலை ரயில், எதிரொலி என்று உப்புத்தாள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். விரல் நடுவில் நின்றான். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அவன் தலை திரும்பிக்கொண்டிருந்தது.

"மாமா?" என்றான்.

"விளையாட்டுக்குத்தான் மச்சான்" என்றார் மாமா.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, மேனேஜர் மேனேஜரானார். "பசங்களுக்குப் போற சரக்கு. நாப்பது பெட்டி குப்பமேட்ட அனுப்பியிருப்போம். இனிமே மலைய நீ பாக்க வேணாம்யா. உங்க மாமா பாக்கட்டும், அவரு போயிருக்காரு."

"எரிமலை?" என்றான் விரல். "எரிமலைய இங்க யாரு சார் பாத்திருக்கா? உப்புத்தாள், நீ பாத்திருக்கியா? மாமா, நீங்க? தீவுல யாரு குடியிருந்திருக்கா? பாலைவனத்துல நடந்தவன் யாரு? சொல்லுங்க."

நியாயமான கேள்விதான். ஒரு கணம் எல்லோரும் அதை நினைத்துப் பார்த்தார்கள். மேனேஜருக்குப் பதில் கிடைத்தது.

"நாங்கல்லாம் படத்துல பாத்திருக்கோம்யா."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பதினோரு உருவங்கள் அவன் கையை விட்டுப் போயின. "நீ சமவெளி பாரு" என்றார் மேனேஜர், ஆறுதலாகத்தான் சொன்னார். "அது உனக்கு நல்லாத் தெரியும்." பிறகு பெட்டிகளைக் காட்டினார், காட்டுவதில் அர்த்தமில்லை என்று நினைவு வந்து வாயாலும் சொன்னார். "அந்த நாப்பதையும் எடுத்து உடை. சரின்னவன்தான் உடைக்கணும்."

லாரிக்காரர் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். விரல் வாங்கி டிரம்முக்குள் போட்டான். தோளுக்குத் தூக்கவில்லை. உள்ளே கையை விட்டு, அடியில் வைப்பதுபோல வைத்தான். அதனால் சில உடையவில்லை. "உடையல, உடையல, மறுபடி போடு" என்று உப்புத்தாள் சொல்லிக்கொண்டேயிருந்தான். அவற்றை மறுபடி எடுத்து, சரியாகப் போட்டான். எடுக்கும்போதெல்லாம் அவன் கட்டைவிரல், வேண்டாமென்றாலும் கேளாமல், அந்தத் தட்டை உச்சியை ஒருமுறை தடவிவிட்டுத்தான் விட்டது.

அன்று மாமாவோடு பஸ்ஸில் போகவில்லை. தடியைத் தட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான். அக்கா சோறு போட்டாள். அவன் கையை வைக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"மில்லு மேடு."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "மொதல்ல சாப்பிடு."

"தெரியுமா, தெரியாதா?"

"சோறு கட்டினது யாரு? எங்க போறீங்க, எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்கன்னு கேக்காமயா கட்டுவேன்?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீ சிரிச்சுக்கிட்டு வந்த. அவரும் சிரிச்சுக்கிட்டு வந்தாரு. பதினாலு வருஷத்துல இந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சு நான் பாத்ததில்ல. ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினேன்டா." தட்டை அவன் கைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். "அன்னிக்கு மொட்டை மாடில துணி காயப்போட்டுட்டிருந்தேன். அங்கேருந்து மில்லு மேடு நல்லாத் தெரியும். நீ கைய விரிச்சுக்கிட்டு நின்ன."

"பாத்தியா?"

"பாத்தேன். துணி காயப்போட்டு முடிக்கற வரைக்கும் பாத்தேன்."

விரல் தலையைக் கொஞ்சம் சாய்த்தான். பட்டறையில் ஒரு துண்டை முதலில் கையில் வாங்கும்போது சாய்ப்பதுபோல.

"எவ்வளவு உயரத்துல நின்னேன் அக்கா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. அன்று களைப்பாக இருந்தாள்.

"உயரமென்ன உயரம். நம்ம மாடியும் அதுவும் ஒண்ணுதான். எனக்கு நேருக்கு நேரா நின்ன" என்றாள். "ஆறிப் போகுது, சாப்பிடு."